வலி இல்லாத வீக்கத்தை விட்டுவைக்காதீர்கள்

விரையில் புற்றுநோய் என்றால் அது இளைஞர்களுக்கு வருவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் வரும். அந்த வயதில் வருவது பெரும்பாலும் லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்தின் புற்றுநோய். லிம்போமாவின் ஒரு பிரிவான நான்-ஹாட்ஜ்கின் லிம்போமாக்களில் 1 முதல் 2 சதவீதம்தான் விரையில் தொடங்குகின்றன. அபூர்வமான நோய் என்பதால் யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை. ஸ்கேன் படம் பார்ப்பது என் தொழில். அந்த அறையில் கற்றதில் உங்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன்.

வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள்

"வலியே இல்ல தம்பி, ஓதம்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார் ஒரு பெரியவர். இதே வார்த்தைகளை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். இந்த லிம்போமா பெரும்பாலும் ஒரு பக்கத்தில், வலியில்லாமல், கெட்டியாக வீங்கும். ஓதம் என்றால் ஸ்கேனில் விரையைச் சுற்றி நீர் கறுப்பாகத் தெரியும். சில சமயம் கட்டியைச் சுற்றியும் நீர் கோத்திருக்கும் என்பதால், கையால் தடவிப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுத்திருந்தால், மருந்து முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுங்கள். வீக்கம் வடியவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். விரைப் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி இரண்டும் சரியாக இருக்கிறது என்றும் நிம்மதி அடையாதீர்கள். லிம்போமாவில் அவை கூடுவதில்லை.

ஸ்கேன் விரையோடு நிற்கக் கூடாது

அந்தப் பெரியவரின் இடது விரை திரையில் ஒரே சீரான கறுஞ்சாம்பலாகத் தெரிந்தது. டாப்ளர் போட்டதும் உள்ளே ரத்த ஓட்டம் மிகுதியாக இருந்தது. ரத்தக்குழாய்கள் உருக்குலையாமல் கட்டியின் ஊடாகவே நேராக ஓடின. கருவியை மேலே நகர்த்தினேன். விரையிலிருந்து அடிவயிற்றுக்குப் போகும் விந்துவடமும் தடித்திருந்தது. பிறகு எடுத்த சிடி ஸ்கேனில், அந்தத் தடிப்பு விரைச் சிரையை ஒட்டியே ஏறி, இடது சிறுநீரகத்தின் அருகே நெறிகட்டிகளில் போய் முடிந்தது.

இதற்குக் காரணம் விரை வந்த வழி. கருவில் அது உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். கீழே இறங்கும்போது தன் ரத்தக்குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் கூடவே கொண்டுவருகிறது. வலது விரைச் சிரை நேரே கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. இடது விரைச் சிரை இடது சிறுநீரகச் சிரையில் சேர்கிறது. நிணநீர்க் குழாய்களும் இவற்றை ஒட்டியே மேலே போகின்றன. அதனால் நோய் பரவினால், தொடையிடுக்கில் நெறிகட்டும் முன்பே மகாதமனியின் ஓரத்தில் நெறிகட்டும். தொடையிடுக்கில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதால் பரவவில்லை என்று ஆகாது. விரையில் கட்டி தெரிந்தால், வயிறு முழுவதற்கும் ஸ்கேன் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். நோய் எந்தக் கட்டம் என்று முடிவு செய்யப் பெட்-சிடி எடுப்பார்கள்.

விதைப்பை வழியாக ஊசி வேண்டாம்

விதைப்பைத் தோலின் நிணநீர் தொடையிடுக்குக்குப் போகிறது. நோயை உறுதிசெய்ய அந்தத் தோலைக் குத்திச் சதை எடுத்தால் நோய்க்கு இன்னொரு பாதையைத் திறந்துவிட்டதாகும். அடிவயிற்று மடிப்பில் கீறி, விரையை வடத்தோடு சேர்த்து எடுப்பதே முறை. எடுத்த சதையின் பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

அறுவையோடு முடிவதில்லை

ரத்தத்துக்கும் விரைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு, மூளைக்கும் உண்டு. கீமோ மருந்துகள் இந்த இரண்டு இடங்களுக்கும் போதிய அளவு போய்ச்சேர்வதில்லை. எனவே இந்த நோய் திரும்பும்போது மறு விரையிலும் மூளையிலும் தலைகாட்டும். அதைத் தடுக்கத்தான் ஆர்-சாப் என்னும் கூட்டு மருந்துக் கீமோவோடு மறு விரைக்கு ரேடியேஷனும், மூளையைக் காக்க மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுக்கிறார்கள். ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு இப்படிச் சேர்த்துச் சிகிச்சை தந்த ஒரு பன்னாட்டு ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. அதில் 5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம் 85 சதவீதம்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மறு விரைக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? மூளையைக் காக்க என்ன மருந்து? கீமோவுக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் இதய எக்கோவும் ஆயிற்றா? ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்ஸிமாப் மருந்து உடலில் அடங்கியிருக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கிளப்பிவிடக்கூடும். அதிலேயே உள்ள டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பலாம் என்பதால் செக்கப்பை நிறுத்தாதீர்கள். புதிதாகத் தலைவலி, தடுமாற்றம், ஞாபக மறதி வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இந்த இடத்தைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. மகளிடமும் மருமகளிடமும் சொல்லக் கூச்சம். மகனிடம் சொல்லவும் தயக்கம். அதனால் பேச்சை நாம்தான் எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை, வெந்நீரில் குளித்த பிறகு இரண்டு விரைகளையும் விரல்களால் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கெட்டியாகவோ பெரிதாகவோ தெரிந்தால், வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வாரமே ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள்.