விடுபட்ட முன்னுரை

நுழையும்முன்

தஞ்சை அரசவையில் வாழ்ந்த பெண்பாற்புலவர் ஒருவர், தாம் யார், தம் முன்னோர் யார், தாம் பெற்ற சிறப்புகள் யாவை என்று தம் காப்பியத்தின் முகப்பில் எழுதிவைத்தார். பிற்காலத்தில் அந்நூல் அச்சேறியபோது அப்பகுதி நீக்கப்பட்டது. அதனைச் சுவடியிலிருந்து மீட்டுச் சேர்த்தவரும் ஒரு பெண்ணே. அரங்கிலும் அவையிலும் புகழ்பெற்ற பாடகர் அவர். ஒருவரையொருவர் கண்டிராத இவ்விருவரின் வரலாறு இப்பாடம்.

தஞ்சை அவையும் தெலுங்கும்

தஞ்சாவூர் என்றதும் இராசராசனும் பெரிய கோயிலும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. சோழர்க்குப் பின் அந்நகரை ஆண்ட நாயக்கர்களும் மராத்தியர்களும் நம் நினைவில் அவ்வளவாக நிற்பதில்லை. அவர்கள் காலத்தில் தஞ்சை பன்மொழிப் புலமையின் இருப்பிடமாய் விளங்கியது. தமிழ் மக்கள் மொழியாகவும், தெலுங்கு அவையின் இலக்கிய மொழியாகவும், வடமொழி கற்றோர் மொழியாகவும் வழங்கின. பின்னர் மராத்தியும் அவற்றோடு சேர்ந்தது. இன்று சரசுவதி மகால் நூலகத்தின் சுவடித் தொகுப்பைக் காண்போர் இந்நான்கு மொழிகளையும் ஒரே கூரையின்கீழ்க் காணலாம்.

அந்த அவையில் பெண்கள் ஆடியும் பாடியும் மட்டும் நிற்கவில்லை, எழுதவும் செய்தனர். இராகுநாத நாயக்கர் அவையில் இருந்த இராமபத்ராம்பா, அம்மன்னரைப் பற்றி 'இரகுநாதாப்யுதயம்' என்னும் காப்பியத்தை வடமொழியில் இயற்றினார். அவர் மகன் விசயராகவ நாயக்கர் அவையில் ரங்காஜம்மா 'மன்னாருதாச விலாசம்' என்னும் நாடகத்தைத் தெலுங்கில் படைத்தார். இவர்களுள் பலர் தேவதாசி மரபினர் அல்லது அரசவைக் கணிகையர் மரபினர். குடும்பப் பெண்களுக்குக் கல்வி எட்டாதிருந்த காலத்தில், எழுத்தும் இசையும் பன்மொழியும் பயிலும் வாய்ப்பு இம்மரபில் பிறந்த பெண்களுக்கே இருந்தது. அந்த வாய்ப்புக்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் நினைத்தல் வேண்டும்.

முத்துப்பழனி

மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். அவர் அவையை அணிசெய்தவர் முத்துப்பழனி. பெயரிலேயே பழனி ஒலிக்கிறது, எழுதியதோ தெலுங்கில். நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தழுவியும் அவர் தெலுங்கில் பாடியுள்ளார். சயதேவரின் அட்டபதியையும் தெலுங்கில் தந்தார். அவருக்குப் புகழையும் பின்னாளில் பழியையும் சேர்த்த நூல் 'ராதிகா சாந்த்வனம்'. சாந்த்வனம் என்பது ஆற்றுதல், தணித்தல் எனப் பொருள்படும். ராதையின் ஊடலைக் கண்ணன் தணித்தலே நூலின் பொருள். நான்கு பகுதிகளில் 584 பாடல்களைக் கொண்டது அந்நூல்.

கதை எளியது. தன் கையால் வளர்த்த இளை என்னும் பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள் ராதை. அவ்விருவர்க்கும் நல்லுரை கூறுபவளும் அவளே. பின்னர்ப் பிரிவு அவளைச் சுடுகிறது, சினக்கிறாள், கண்ணன் வந்து பணிந்து அவளைத் தேற்றுகிறான். திருக்குறளின் இறுதி அதிகாரம் ஊடலுவகை என்பதை அறிந்த நமக்கு இப்பொருள் புதியதன்று. புதுமை வேறிடத்தில் இருக்கிறது. மற்றக் காப்பியங்களில் கண்ணன் நாடுவதும் பெறுவதும் முதன்மையாக வரும். முத்துப்பழனியின் நூலிலோ ராதையின் விருப்பம், ராதையின் சினம், ராதையின் தன்மதிப்பு ஆகியவையே கதையை நடத்துகின்றன. விட்டுக்கொடுத்தவளின் உள்ளத்தில் எஞ்சும் வலியை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பழைய நூல்கள் மிகச் சிலவே.

நூலின் முகப்புப் பகுதி தனித்துக் கருதத்தக்கது. தெலுங்குக் காப்பிய மரபில் புலவர் தம் குலமரபைக் கூறுதல் வழக்கம். அம்மரபு பெரும்பாலும் தந்தைவழி மரபாகவே அமையும். முத்துப்பழனி தம் பாட்டி தஞ்சநாயகியை முன்னிறுத்தித் தம் குடிவழியைச் சொல்கிறார். பாட்டியும் கலையில் தேர்ந்தவர், அவையில் மதிக்கப்பட்டவர். அதன்பின், தம்மைப் போன்ற பெண்களுள் புலவர்க்குப் பரிசளித்துப் போற்றியவர் வேறு எவர், காப்பியங்கள் படைக்கப்பெற்று உரிமையாக்கப்பட்டவர் வேறு எவர் என்று தாமே வினவித் தம் இணையற்ற நிலையைக் கூறுகிறார். இதனைத் தற்புகழ்ச்சி என்று ஒதுக்கலாகாது. அக்காலப் புலவர் எல்லாரும் அவையில் தம் தகுதியை இவ்வாறே நிறுவினர். ஒரு பெண் தன் வாயால் அதனைச் சொன்னதே அரிது.

தெரிந்து தெளிவோம்

இராகுநாத நாயக்கர் தெலுங்கில் எழுதிய இராமாயணத்தை வடமொழியில் பெயர்த்தவர் மதுரவாணி என்னும் பெண்பாற்புலவர். தெலுங்கிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர் அவர்.

நீக்கப்பட்ட பக்கங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுச்சுவடிகள் அச்சேறத் தொடங்கின. தமிழில் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். தெலுங்கிலும் அத்தகைய பணி நடந்தது. அவ்வாறு 1887இல் ராதிகா சாந்த்வனமும் அச்சாயிற்று. ஆனால் பதிப்பித்தவர் முத்துப்பழனியின் முன்னுரைப் பகுதியை விட்டுவிட்டார். பாடல்கள் சிலவும் விடுபட்டன. நூல் கிடைத்தது, நூலாசிரியர் காணாமற்போனார்.

அக்காலத்தின் மனநிலை அத்தகையது. ஆங்கிலக் கல்வி பெற்றோரிடையே இலக்கியத்தில் தூய்மை என்னும் கருத்து ஓங்கியிருந்தது. தெலுங்கின் புகழ்மிக்க சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் தம் தெலுங்குப் புலவர் வரலாற்றில் முத்துப்பழனியைக் கடிந்து எழுதினார். ஒரு பெண் நாவால் சொல்லத்தகாதன அந்நூலில் உள்ளன என்பது அவர் கருத்து. கைம்பெண் மறுமணத்துக்காகத் தம் வாழ்நாளையே ஒப்படைத்தவர் அவர். அவர் நோக்கத்தில் நாம் ஐயுறவேண்டியதில்லை. பெண்களின் துயர்துடைக்க எழுந்த கையே ஒரு பெண்ணின் எழுத்தை ஒதுக்கவும் செய்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878ஆம் ஆண்டு மைசூர் அருகே நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி; தேவதாசி மரபினர். வறுமையிலும் மகளின் கல்வியில் அவர் குறைவைக்கவில்லை. கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றோடு இசையையும் நாகரத்தினம்மாள் ஆழ்ந்து கற்றார். இளமையிலேயே தாயை இழந்தபோதிலும் கற்ற கலை அவரைக் காத்தது. மைசூர் அரண்மனையில் பாடிப் புகழ்பெற்றபின் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வீணை தனம்மாள் போன்ற பெருங்கலைஞர்களின் நட்பைப் பெற்றார். அவருடைய கச்சேரிகளுக்குப் பெருந்தொகை கிடைத்தது. சென்னையில் வருமானவரி செலுத்திய முதல் பெண் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவர்.

பாடகர் என்ற அளவில் அவர் புகழ் நின்றிருந்தாலும் வியப்பில்லை. அவரோ நூல் தேடும் புலவராகவும் இருந்தார். பழைய உரையொன்றில் ராதிகா சாந்த்வனம் பற்றிய குறிப்பைக் கண்டு, அரிதின் முயன்று அச்சுநூலைப் பெற்றார். பின்னர்ச் சுவடியும் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் விடுபட்டவை தெரியவந்தன. நூலை எழுதியவர் பெண். தம் மரபிலே பிறந்தவர். ஆகவே அதனை முறையாகப் பதிப்பிக்கும் கடமை தமக்கு உண்டென அவர் கருதினார். 1910இல் சென்னை வாவிள்ள இராமசாமி சாஸ்த்ருலு நிறுவனத்தின் வழியே முழுநூலும் முன்னுரையோடு வெளிவந்தது.

தம் பதிப்புரையில் வீரேசலிங்கத்தின் கூற்றை அவர் நேருக்குநேர் எதிர்கொண்டார். நாணமும் தகுதியும் பெண்களுக்கு மட்டுமே உரியனவா, ஆண்களுக்கு இல்லையா என்று வினவினார். தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் கதையைக் கூறும் 'வைஜயந்தி விலாசம்' என்னும் தெலுங்குக் காப்பியத்தில் உள்ள சிருங்காரத்தைவிட இந்நூலில் உள்ளது மிகையா என்றும் கேட்டார். அந்நூலைத் திருத்தி அச்சுக்கு ஏற்றதெனக் கொண்டவர் வீரேசலிங்கமே. ஆண்பாற்புலவர் எழுதினால் சுவை, பெண்பாற்புலவர் எழுதினால் பிழை என்னும் இரட்டை அளவுகோலைச் சான்றுகாட்டி அவர் வெளிப்படுத்திய முறை, திறனாய்வு பயில்வோர் கற்கவேண்டியது. உணர்ச்சிவயப்பட்டு மறுக்கவில்லை, நூலை எடுத்து நூலோடு ஒப்பிட்டார்.

எதிர்ப்பு விரைவிலேயே எழுந்தது. நூலாசிரியர், பதிப்பாசிரியர் ஆகிய இருவரின் பிறப்பையும் சுட்டி இழித்து எழுதியது ஒரு தெலுங்கு இதழ். 1911இல் அரசு அந்நூலை ஆபாசநூல் எனக் கொண்டு படிகளைப் பறிமுதல் செய்தது. தெலுங்கு அறிஞர் பலர் ஒன்றுகூடி, இவ்வளவுகோல் கொண்டால் பழைய காப்பியங்கள் பலவற்றையும் தடைசெய்ய நேருமென முறையிட்டனர். அரசு இணங்கவில்லை. தங்குட்டூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்த காலத்திலேயே தடை நீங்கியது. அதற்குள் ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழிந்திருந்தன.

திருவையாற்றில்

நூல் தடைப்பட்டபின் நாகரத்தினம்மாள் ஓய்ந்துவிடவில்லை. 1921இல் அவருடைய இசையாசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா, திருவையாற்றில் தியாகராசரின் சமாதி சிதைந்துகிடக்கும் நிலையைத் தெரிவித்தார். தியாகராசர் மறைந்தது 1847இல். ஆண்டுதோறும் அவர் நினைவுநாளில் இசைக்கலைஞர் கூடுவது வழக்கமாகியிருந்தது. எனினும் விழா நடத்துவோர் பெரிய கட்சி, சின்ன கட்சி எனப் பிரிந்து நின்றதால் சமாதி கவனிப்பாரற்றுப் போயிற்று. நாகரத்தினம்மாள் தாம் ஈட்டிய பொருளையும் நகைகளையும் செலவிட்டுக் காவிரிக்கரையில் அக்கோயிலை எழுப்பினார். 1925ஆம் ஆண்டு சனவரியில் குடமுழுக்கு நடந்தது.

ஆனால் அவர் கட்டிய கோயிலின் விழாவில் அவரால் பாட இயலவில்லை. இரு கட்சியினரும் பிறவற்றில் மாறுபட்டாலும் பெண்களுக்கு இடமில்லை என்பதில் ஒத்திருந்தனர். நாகரத்தினம்மாள் வழக்காடிக்கொண்டு காத்திருக்கவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டிச் சந்நிதியின் பின்புறத்தில் தனியே ஒரு விழாவைத் தொடங்கினார். முன்புறம் ஆண்கள், பின்புறம் பெண்கள் எனத் திருவையாறு பல ஆண்டுகள் இரண்டாய்ப் பாடியது. 1940இல்தான் பிரிவுகள் இணைந்தன. பெண்கள் ஆண்களோடு ஒரே மேடையில் பாடும் உரிமை அதன்பின் உறுதியாயிற்று. இன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆணும் பெண்ணும் சேர்ந்திசைப்பதைத் தொலைக்காட்சியில் காண்போருள் இந்தப் பின்புறத்துப் பந்தலை அறிந்தவர் எத்தனை பேர் எனத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். தேவதாசி முறையை ஒழிக்க மருத்துவர் முத்துலெட்சுமி எடுத்த முயற்சியை நாகரத்தினம்மாள் எதிர்த்தார். தம் மரபினர் சார்பில் அரசுக்கு முறையீடு அனுப்பியோருக்குத் தலைமை தாங்கினார். சிறுமியரை அவர்தம் விருப்பமின்றி ஒரு வாழ்வுக்குள் தள்ளிய கொடுமையை முத்துலெட்சுமி கண்டார். அக்கொடுமையை நீக்கும் வேகத்தில், நூற்றாண்டுகளாகப் பெண்கள் காத்துவந்த கலையும் சொத்துரிமையும் நன்மதிப்பும் பறிபோகும் என நாகரத்தினம்மாள் அஞ்சினார். 1947இல் சட்டம் நிறைவேறியது. சட்டம் தேவையானதே என்பதில் இன்று ஐயமில்லை. நாகரத்தினம்மாளின் அச்சமும் வெற்றச்சமன்று. அம்மரபில் வந்த பெண்கள் பலர் மேடையிலிருந்து மறைந்தனர், அவர்கள் காத்த கலையோ வேறு கைகளில் செழித்தது.

இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தியாகராசரின் நூற்றெட்டுப் போற்றிப்பெயர்களை வடமொழியில் தொகுத்தமைத்தார். தம் உடைமைகளைச் சமாதிப் பணிக்கே எழுதிவைத்தபோது, பெண்கள் அங்கே வழிபடவும் இசைக்கவும் உள்ள உரிமையை யாரும் தடுக்கலாகாது என்பதையும் எழுத்தில் பதித்தார். 1952ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். தியாகராசர் சமாதிக்கு எதிரே அவரது நினைவிடம் உள்ளது. கைகுவித்து அமர்ந்த நிலையில் அவர் சிலை சந்நிதியை நோக்கியிருக்கிறது. அதே ஆண்டில் வாவிள்ள நிறுவனம் ராதிகா சாந்த்வனத்தை, முத்துப்பழனியின் முன்னுரையோடு மீண்டும் வெளியிட்டது.

கற்பவை கற்றபின்...

வெள்ளிவீதியார், ஔவையார் ஆகியோரின் அகப்பாடல்களுள் ஒன்றைத் தேர்ந்து, பெண்ணின் குரல் அதில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை வகுப்பில் பேசுக.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் குறித்து முத்துலெட்சுமி, நாகரத்தினம்மாள் ஆகிய இருவரின் தரப்புகளையும் உரையாடலாக எழுதுக.