மெனின் வாயிலுக்குப் போகும் கேடட்டுகளுக்கு

பிரிட்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும், ராணுவ பாணியில் பயிற்சி பெறும் கேடட் பிள்ளைகள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குப் போகிறார்கள். முதல் உலகப் போரில் அந்த வட்டாரத்தில் மடிந்து, கல்லறைகூட அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே மெனின் வாயில் என்னும் நினைவுச் சின்னத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1928 முதல் தினமும் இரவு 8 மணிக்கு அதன் வளைவுக்கடியில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற பியூகிள் அஞ்சலி இசை ஊதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் நகரம் ஜெர்மானியர் வசம் இருந்தபோதுதான் அங்கே அது நின்றது.

உங்கள் பிள்ளையும் போகிறதென்றால், பெட்டி கட்டுவதற்கு முன்பே ஒரு பெயரைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் முதலில் சொல்வது இதைத்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். அந்தப் பெயர் வாயிலில் எந்தப் பலகையில் இருக்கிறது என்ற எண்ணும் கிடைக்கும். நீங்கள் குடியிருக்கும் ஊரின் போர் நினைவுத் தூணில் உள்ள பெயராக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியப் படையினர் நானூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அந்தச் சுவர்களில் உண்டு. யாரைத் தேடி வந்தோம் என்று தெரியாத பிள்ளைக்கு அத்தனை பெயர்களும் வெறும் சுவராகத்தான் தெரியும். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக இருக்கும். பகல் வெளிச்சத்திலேயே போய்ப் பாருங்கள். உயரத்தில் இருப்பவற்றைப் படிக்க ஒரு பைனாகுலர் உதவும்.

அடுத்தது உடம்பு. அணிவகுப்பில் நிற்கும்போது பிள்ளைகள் மயங்கி விழுவது அரிதல்ல. அசையாமல் நின்றால் ரத்தம் கால்களிலேயே தங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும். மாலையில் பசியோடு நிற்க விடாதீர்கள். பகல் முழுவதும் தண்ணீர் குடிக்கட்டும். முழங்காலை விறைப்பாகப் பூட்டாமல், பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் மங்கினால் அடக்கிக்கொண்டு நிற்பது வீரமல்ல. பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். நவம்பரில் போனால் குளிரும் மழையும் கடுமையாக இருக்கும். சீருடைக்குள் தெர்மல் உள்ளாடை போட்டுக்கொள்ளலாம். சீருடையைக் கைப்பெட்டியில் வையுங்கள், பெரிய பெட்டி தொலைந்தாலும் அது கையில் இருக்கும்.

லாஸ்ட் போஸ்ட் நிகழ்ச்சியில் மலர்வளையம் வைக்கக் குழு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பொறுப்பாளரிடம் விசாரியுங்கள். வைத்த பின் ஒரு அடி பின்வாங்கி, கணநேரம் நின்று, பயிற்சியில் சொன்னபடி வணக்கம் செலுத்தினால் போதும். நிகழ்ச்சி முடிந்தால் யாரும் கைதட்டக் கூடாது. இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள், பழக்கதோஷத்தில் கை எழும்பிவிடும்.

நேரம் இருந்தால் நகருக்கு வெளியே எசெக்ஸ் ஃபார்ம் கல்லறைத் தோட்டத்துக்கும் போகட்டும். 1916 ஜனவரியில் இறந்த படைவீரன் வேலன்டைன் ஸ்ட்ரட்விக் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறான். கல்லில் வயது 15 என்றிருக்கிறது. தன் வயதுக்காரன் முன்னால் நிற்கும் பிள்ளை அழலாம், ஒன்றும் தோன்றாமலும் நிற்கலாம். எப்படியிருந்தாலும் "என்ன உணர்ந்தாய்?" என்று அன்றிரவே துருவாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈப்பரைச் சுற்றியுள்ள வயல்களில் அந்தப் போரின் வெடிக்காத குண்டுகள் இன்றும் உழவின்போது மேலே வருகின்றன. சில நச்சு வாயு அடைத்தவை. துருப்பிடித்த உலோகம் எதையும் தொடவோ, நினைவுப் பொருளாகப் பையில் போடவோ கூடாது. கண்டால் விலகி வந்து பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.