கத்துகிற பூனையை அதட்டாதீர்கள்

வல்லம் வடகாலுக்குக் கம்பெனி வேலைக்கு வந்து, வாடகை அறையில் ஒரு பூனையையும் வளர்க்கிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். 2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதி திறந்தார்கள். அதற்கு வெளியே, சுற்றுப்பட்டு ஊர்களில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் தனி. சொந்த பந்தத்தை விட்டு வந்தவர்களுக்குப் பூனை நல்ல துணை. நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால், "தாத்தா, ராத்திரி பூரா கத்துது, ஹவுஸ் ஓனர் திட்டுறாரு" என்று என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே சொல்கிறேன்.

1. அது உங்களிடம்தான் பேசுகிறது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று கத்திக்கொள்வது மிகக் குறைவு. வாலாலும் காதாலும் வாசனையாலும் விஷயத்தை முடித்துக்கொள்ளும். சண்டை என்றால் உறுமும், சீறும். மியாவ் என்பது குட்டி தன் தாயைக் கூப்பிடுகிற குரல். வளர்ந்த பிறகு அந்தக் குரலை அது மனிதர்களுக்கென்று வைத்துக்கொள்கிறது. 2009-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்பும் அவர் குழுவினரும் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். தீனி கேட்கும் பூனையின் குறுகுறு சத்தத்துக்குள்ளேயே, பச்சைக் குழந்தையின் அழுகையை ஒத்த ஒலி ஒன்று கலந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரக் குரலாகத்தான் கேட்டதாம். அதனால், சத்தம் காதைக் குடைகிறதே என்று கோபப்படாமல், எதற்குக் கூப்பிடுகிறது என்று பாருங்கள்.

2. உங்கள் ஷிஃப்டைக் கணக்கில் எடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் பார்த்தவரை பாதித் தொந்தரவு இங்கிருந்துதான் வருகிறது. பூனை இயல்பாகவே விடிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் துறுதுறுப்பாக இருக்கும். மற்ற நேரம் பெரும்பாலும் தூக்கம். போன வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், இந்த வாரம் நைட் ஷிஃப்ட் என்று நீங்கள் மாறும்போது அதன் சோற்று நேரம், விளையாட்டு நேரம், ஆள் முகம் பார்க்கும் நேரம் எல்லாம் குலைந்துபோகிறது. பூட்டிய அறையில் எட்டு மணி நேரமும், பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரமும் தனியாகக் கிடந்துவிட்டு, நீங்கள் தூங்கப் படுக்கும்போது அது கத்தத் தொடங்கும். எந்த ஷிஃப்டானாலும், கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம் கயிறோ பந்தோ வைத்து ஓடவிட்டு, பிறகு சோறு வையுங்கள். விளையாடி, தின்று, நக்கிக்கொண்டு, தூங்குவது அதன் இயல்பான வரிசை. அறையில் இரண்டு பேர் வேறு வேறு ஷிஃப்ட் என்றால் இன்னும் நல்லது, ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னல் ஓரத்தில் ஏறி உட்கார ஒரு பலகை போடுங்கள். வலை அடிக்காமல் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள், மாடி அறை என்றால் விழுந்துவிடும்.

3. பெட்டைப் பூனை தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஊளை மாதிரி கத்தினால் அது வயிற்றுவலி இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. நாலு மாதத்திலேயே வரலாம், பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு வாரம் போலக் கத்தும், அடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். குளிர் நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் இது நின்றுவிடும். நம் ஊரில் அந்த ஓய்வு கிடையாது, வருஷம் முழுக்க வரும். ஒருமுறை வெளியே போனால் ஒன்பது வாரத்தில் நாலைந்து குட்டி. கருத்தடை ஆபரேஷன்தான் தீர்வு. ஒரு தடவை குட்டி போட்டால்தான் பூனைக்கு நல்லது என்று சொல்வார்கள்; அதில் உண்மை இல்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்து நிறுத்தலாம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். கருப்பையில் சீழ் பிடிக்கும், மடியில் கட்டி வரும். கடுவனுக்கும் ஆபரேஷன் செய்துவிட்டால் இரவில் வெளியே போக அலறுவதும், சுவரில் மூத்திரம் பீச்சுவதும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

4. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். கடுவன் பூனை மண் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, சொட்டு மூத்திரமும் வராமல் எழுந்து வந்தால், காலை வரை காத்திருக்காதீர்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு நேரத்தை விடுகிறார்கள். கடுவனின் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். மணல் போன்ற துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வெளியேற வேண்டிய உப்பு ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். நைட் ஷிஃப்ட் முடியட்டும் என்று விட்டுப் போய், வந்து பார்க்கும்போது பூனை இல்லை என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் டாக்டர் கிடைக்காவிட்டால் வண்டி பிடித்து வேப்பேரிக்குப் போங்கள். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் அங்கே இருக்கிறது. அதன் மருத்துவமனையில் இந்த அடைப்பை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள். உலர்ந்த தீனி மட்டுமே தின்கிற பூனைக்குத் தண்ணீர் போதாது. வேகவைத்த மீனோ கோழியோ, உப்பு மசாலா இல்லாமல், அந்த வேகவைத்த தண்ணீரோடு கொடுங்கள்.

5. வலி என்று தோன்றினால் உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், நீங்கள் டோலோ என்று விழுங்குவது, பூனைக்கு விஷம். அரை மாத்திரையே கொல்லக்கூடும். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் சில சொட்டு மருந்துகளும் அப்படித்தான்.

6. புதிதாக வந்த குட்டி இரவெல்லாம் கத்துவது தாயைத் தேடி. எட்டு வாரம் ஆவதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது. கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் பழைய துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு பெட்டியில் வையுங்கள். பசும்பால் ஊற்றினால் பேதி ஆகும்.

7. பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று நடு இரவில் உரக்கக் கத்த ஆரம்பித்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறையத் தின்றும் மெலிகிறது என்றால் தைராய்டு காரணமாக இருக்கலாம். சிறுநீரகம், ரத்த அழுத்தம், காது கேளாமை, மறதி எல்லாம் இப்படித்தான் குரலில் தெரியும். வயசாயிடுச்சு, அப்படித்தான் கத்தும் என்று விட்டுவிடுவது பாவம்.

8. மேலே சொன்ன எதுவும் இல்லை, சோறும் தண்ணீரும் சுத்தமான மண் தட்டும் இருக்கின்றன, அப்படியும் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்புகிறது என்றால், எழுந்து சோறு போடாதீர்கள். ஒரு நாள் போட்டால் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். விட்டுக்கொடுக்காமல் இருக்கும் முதல் சில நாட்கள் இன்னும் அதிகமாகக் கத்தும், பிறகு குறையும். அடிக்கவோ தண்ணீர் தெளிக்கவோ வேண்டாம். பயந்த பூனை கத்துவதை நிறுத்தாது, உங்களிடம் வருவதைத்தான் நிறுத்தும்.

9. கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவர்களே, பூனையை அறை வாசலில் விட்டுப் போகாதீர்கள். காலியான வீட்டின் கதவடியில் நாள் கணக்கில் கத்தும் பூனைகள் இந்தத் தெருக்களில் உண்டு. வளர்த்த விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கூட்டிப் போக முடியாவிட்டால் ஒரு மாதம் முன்பே நண்பர்களிடம் கேளுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். ஆபரேஷன் செய்து, தடுப்பூசி போட்ட பூனையை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள்.