சாவி யார் கையில்?



ஜனவரி மாதம் சாலை பாதுகாப்பு மாதம். "குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்" என்று ரோட்டோரம் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அதைக் குடித்தவர் நின்று படிக்க மாட்டார். குடிக்காத நாம்தான் படிக்கிறோம். அப்படியென்றால் நாம் என்ன செய்வது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முன்னுரை

திருவள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். அது 93ஆவது அதிகாரம். அந்தப் பத்துக் குறளிலும் வண்டி வராது. அந்தக் காலத்தில் மோட்டார் வண்டி ஏது? எங்க தாத்தா சொல்வார், "மாட்டு வண்டியில குடிச்சிட்டுப் படுத்தாலும் மாடு வீடு சேர்த்துடும்"னு. மாட்டுக்கு வழி தெரியும். பைக்குக்குத் தெரியாது. ஓட்டுறவர் மூளை சொல்வதைத்தான் பைக் கேட்கும்.

உடம்புக்குள் நடப்பது

மது வயிற்றில் இருந்தும் சிறுகுடலில் இருந்தும் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. பெருமூளை மந்தமானால் 'இது ஆபத்து' என்று யோசிக்கும் சக்தி குறைகிறது. சிறுமூளை மந்தமானால் உடம்பின் சமநிலை போகிறது. முதலில் கெட்டுப்போவது யோசிக்கிற சக்திதான். அதனால்தான் குடித்தவர் "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போகும். பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானால் 8 மீட்டர். ஏறக்குறைய நம்ம வகுப்பறை நீளம். அந்த 8 மீட்டருக்குள் ஒரு ஆடு நிற்கலாம், ஒரு குழந்தையும் நிற்கலாம்.

மோர் குடித்தால் தெளியும், தலையில் தண்ணீர் ஊற்றினால் இறங்கும் என்று சொல்கிறார்கள். அது தவறு. ரத்தத்தில் உள்ள மதுவைக் கல்லீரல்தான் மெதுவாகக் குறைக்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். இரவு 10 மணிக்கு 90 மில்லிகிராம் இருந்தால் முழுசாகப் போக 6 மணி நேரம், அதாவது விடியற்காலை 4 மணி ஆகும். தூக்கமும் நேரமும்தான் மருந்து.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். போலீசார் வாயால் ஊதச் சொல்லும் கருவி இதைத்தான் பார்க்கிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆக்கினார்கள். ஆனால் ஊருக்குள் இருக்கிற மண் ரோட்டில் போலீஸ் நிற்க மாட்டாங்க. அங்கே நாமதான் இருக்கோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

இதை என் அத்தையிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது பாப்பா, பேரு மட்டும் போடாத" என்றார்கள்.

என் தாய்மாமா 2022இல் ஆடித் திருவிழா முடிந்து ராத்திரி பக்கத்து ஊரில் இருந்து பைக்கில் வந்தார். பாலத்துச் சுவரில் மோதி அங்கேயே இறந்துவிட்டார். குடித்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் பேசும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கிளம்பும்போது மாமாவால் மூன்று தடவை உதைத்தும் வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியவில்லையாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். ஒருவர் வந்து, "தள்ளு மச்சான்" என்று அவரே உதைத்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தாராம். அவர் கெட்டவர் இல்லை. உதவி என்று நினைத்துச் செய்தார். இன்னைக்கும் அத்தை முகத்தைப் பார்த்து அவர் பேசுவதில்லை.

குடித்து ஓட்டியதால் விபத்துக் காப்பீட்டுப் பணமும் கிடைக்கவில்லை. அத்தை செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறார்கள். அன்றைக்கு யாராவது ஒருத்தர் சாவியை எடுத்து மடியில் கட்டியிருந்தால் போதும். மாமா திட்டியிருப்பார். காலையில் எழுந்திருப்பார்.

குரல் கொடுத்தவர்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1980 மே 3 அன்று கேரி என்ற 13 வயதுப் பெண் ரோட்டோரம் நடந்து போகும்போது குடித்தவர் ஓட்டிய கார் மோதி இறந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் அம்மா கேன்டஸ் லைட்னர் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. அதே ஆண்டு, குடித்து ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்களின் அமைப்பைத் தொடங்கினார். பிள்ளையை இழந்த தாய்மார்கள் போட்டோவுடன் போய் அதிகாரிகளைப் பார்த்தார்கள். 1984இல் மது வாங்கும் வயதை 21 ஆக்க அங்கே சட்டம் வந்தது. 1982இல் அந்த நாட்டில் இந்த மாதிரி விபத்துகளில் 21,000 பேர் இறந்தார்கள். 2011இல் அது 10,000க்குக் கீழே வந்தது. 2020க்குப் பிறகு மறுபடி கூடியது. அதனால் விழிப்புணர்வை விடவே கூடாது.

நம் நாட்டிலும் நடந்தது. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை எதிர்த்துத் தமிழ்நாட்டில் வழக்கறிஞர் கே. பாலு வழக்குப் போட்டார். சண்டிகரில் ஹர்மன் சித்து வழக்குப் போட்டார். இவர் 1996இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருப்பவர். 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பிறகு சின்ன ஊர்களுக்கு 220 மீட்டர் என்று மாற்றியது. 2017 ஏப்ரலில் நம் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. பல கடைகள் ஊருக்குள் இடம் மாறியபோது பெண்கள்தான் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். கடை தள்ளிப் போனால் மட்டும் போதாது, குடித்தவர் வண்டியில் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரிந்தது.

நாம் செய்யக்கூடியவை

1. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் மொய் எழுதும் இடத்தில் ஒரு தட்டு வைத்து வண்டிச் சாவிகளை வாங்கி வைக்கச் சொல்லலாம். தெளிவாக இருப்பவருக்குத்தான் சாவி.

2. குடித்தவர் வண்டியில் பின்னால் உட்காரக் கூடாது. அப்பாவாக இருந்தாலும், "அப்பா, நான் பஸ்ல வர்றேன், நீங்களும் வாங்கப்பா" என்று சொல்லலாம். இது மரியாதைக் குறைவு இல்லை.

3. போதையில் இருப்பவரிடம் நாம் தனியாகச் சாவியைப் பிடுங்கப் போகக் கூடாது, அடி விழும். பெரியவர்களைக் கூப்பிடணும். புத்திமதி எல்லாம் மறுநாள் காலையில் சொல்லணும். வீட்டில் பயமாக இருந்தால் 1098க்குப் போன் பண்ணலாம்.

4. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபை நடக்கும். ரோட்டுப் பாலத்துக்கு விளக்கு, ஒளிரும் பட்டை வேண்டும் என்று அம்மாக்களைப் பேசச் சொல்லுங்கள்.

முடிவுரை

குடித்தவரைத் திருத்துவது பெரிய வேலை, நாளாகும். சாவியை வாங்கி வைப்பது சின்ன வேலை, ஒரு நிமிஷம் போதும். இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் இன்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

வண்டிக்குச் சாவி ஒன்று போனால் இன்னொன்று செய்யலாம்!
உயிர் போனால்?

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி