பாலுவைத் தெரியும், கரடியைத் தெரியுமா?

ஹெப்பகோடியில் வளரும் பிள்ளைகளுக்கு ‘ஜங்கிள் புக்’ சிறுவன் மோக்லியின் காடு தொலைவில் இல்லை. பொம்மசந்திரா, ஜிகணி வழியாகப் போனால் பன்னேர்கட்டா வந்துவிடும். 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் யானை, சிறுத்தை, கரடி எல்லாம் இன்றும் உலவுகின்றன. ஆனால் ‘ஜங்கிள் புக்’ வழியாக விலங்குகளோடு பழகிய பிள்ளைகளுக்கு, அதே விலங்குகளின் உண்மை வாழ்க்கை பெரும்பாலும் எட்டுவதில்லை. சொல்ல வேண்டியது நாம்தான்.

முதலில் எழுதியவரைப் பற்றிய நம்பிக்கை. ருட்யார்ட் கிப்ளிங் மத்தியப் பிரதேசத்தின் சியோனி காடுகளில் சுற்றித் திரிந்து இந்தக் கதைகளை எழுதினார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 1865-இல் பம்பாயில் பிறந்தவர்தான். ஆனால் 1894, 1895-இல் வெளிவந்த இரண்டு தொகுதிகளையும் எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட்டில், பனி கொட்டும் ஊரில். சியோனியை அவர் பார்த்ததில்லை. பிறர் எழுதிய நூல்களிலிருந்தும் கேட்ட செய்திகளிலிருந்தும் அந்தக் காட்டைக் கட்டினார்.

ஓநாய்க் கூட்டத்துக்கு அகேலா போல ஒரு தலைவன் இருப்பான், அவனை வீழ்த்தி இளையவன் ஒருவன் பதவிக்கு வருவான் என்பது அடுத்தது. உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டுக் கவனித்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்விலிருந்து, இப்படியொரு எண்ணம் அறிவியலிலும் வேரூன்றியது. ஆனால் காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: தாய், தந்தை, அவர்களுடைய குட்டிகள். வளர்ந்த பிள்ளைகள் சண்டை போட்டு அப்பாவைத் துரத்துவதில்லை, துணை தேடி வெளியே போய்விடுகின்றன. இன்னொன்று, நம் ஓநாய்க்குப் பிடித்த இடம் அடர்ந்த காடல்ல, வறண்ட புல்வெளியும் முட்புதரும். கர்நாடகத்தில் மேல்கோட்டையில் 1974-இலேயே ஓநாயை மனத்தில் வைத்து ஒரு சரணாலயம் அமைத்தார்கள்.

கருஞ்சிறுத்தை பகீரா தனி இனமல்ல. சாதாரணச் சிறுத்தைதான், மரபணுவால் நிறம் கறுத்தது. ஒரே ஈற்றில் கறுப்புக் குட்டியும் புள்ளிக் குட்டியும் பிறக்கலாம். மலைப்பாம்பு ‘கா’ கண்ணால் மயக்குவதும் கதைதான். பாம்புக்கு இமை இல்லை, அதனால் வெறித்துப் பார்ப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. இறுக்கி எலும்பை நொறுக்கும் என்பதும் தவறு. அதன் தூரத்து உறவான போவா பாம்பை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, இரையின் ரத்த ஓட்டம்தான் முதலில் நிற்கிறது என்று காட்டியது. குரங்குகளின் ராஜாவாக வரும் ஒராங்குட்டான் கிப்ளிங்கின் நூலிலேயே கிடையாது. அது 1967-இல் டிஸ்னி சேர்த்தது. இந்தியக் காடுகளில் அந்த விலங்கே இல்லை.

இனி கரடி பாலு. இங்குதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

பழுப்பு நிறம், தேன், கிழங்கு, பரிவான ஆசான் என்று கிப்ளிங் வரைந்தார். படங்கள் அவனை ஆடவும் பாடவும் வைத்தன. நம் கரடி கறுப்பு, நெஞ்சில் வெள்ளை வளைவு. தேனும் பழமும் பிடிக்கும் என்றாலும் முக்கிய உணவு கரையானும் எறும்பும்தான். மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு இல்லாததால் அந்த இடைவெளி வழியே புற்றிலிருந்து கரையானை உறிஞ்சி எடுக்கிறது. மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதற்கு முடியும். குட்டிகளை வளர்ப்பது தாய் மட்டுமே. அவற்றை முதுகில் சுமந்து திரியும். ஆண் கரடி பிள்ளை வளர்ப்பதில்லை.

கரடி இரண்டு காலில் எழுந்து நிற்பது ஆட்டம் அல்ல. சுற்றிலும் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் நிற்கிறது. தெருவில் நாம் பார்த்த கரடி ஆட்டத்தின் பின்னால் இருந்தது வலி. தாயிடமிருந்து பறித்த குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோப்பார்கள், பற்களை உடைப்பார்கள். கயிற்றைச் சுண்டினால் வலி தாங்காமல் அது எழும். கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினால் பிள்ளைக்குப் பயம் விலகும் என்று அதே தெருவில் முடியையும் விற்றார்கள். எந்தப் பயத்தையும் அது போக்காது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கின் முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு 600-க்கும் மேற்பட்ட ஆட்டக் கரடிகளை மீட்டது. கரடியை நம்பிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழிலுக்கும் உதவியது. அந்த உதவி இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது. நாட்டின் கடைசி ஆட்டக் கரடி என்று அவர்கள் அறிவித்த ராஜு 2009 டிசம்பரில் வந்து சேர்ந்த இடம் பன்னேர்கட்டா மீட்பு மையம். பல் உடைந்து, மனிதர் கையில் வளர்ந்த கரடிகளைக் காட்டில் விட முடியாது. ஆயுள் முழுக்க மையத்தில்தான் பராமரிக்க வேண்டும்.

காட்டுக் கரடியோ பாலுவைப் போல் தோழமை தேடி வராது. கூச்சமுள்ள விலங்கு, ஆனால் திடுக்கிட்டால் பாய்ந்து கிழித்துவிடும். பார்வை மந்தம் என்பதால் ஆள் மிக அருகில் வந்த பிறகுதான் அதற்குத் தெரிகிறது, பெரும்பாலான தாக்குதல்கள் இப்படித்தான் நேர்கின்றன. பன்னேர்கட்டா ஓரத்துக் கிராமங்களில் விடியலிலும் அந்தியிலும் புதர்வழியே போகிறவர்கள் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். குரல் முன்கூட்டியே எட்டினால் கரடி பெரும்பாலும் தானே விலகிப் போய்விடும்.