அலங்கார எழுத்து: தலைப்புக்கா, பாடத்துக்கா?

நான்காம் வகுப்பு வாசிப்பு மூலைக்காகச் சொல்லட்டைகள் தயாரித்துக்கொண்டிருந்தேன். பழைய நாடக நோட்டீஸ் பாணியில் ஓர் எழுத்துரு கணினியில் கிடைத்தது. தடித்த கோடுகள், பின்னால் நிழல், முனைகளில் கொடிச்சுருள். அழகாக இருந்ததால் எல்லா அட்டைகளையும் அதிலேயே அச்சிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவன் 'யானை' அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றான். 'தலை' அட்டையையும் வாசிக்கவில்லை. 'வாசிப்பில் பயிற்சி தேவை' என்று பதிவேட்டில் குறித்துவிட்டேன். மாலையில் பாடநூலைத் திறந்து அதே சொற்களைக் காட்டினேன். தடங்கலின்றி வாசித்தான். "அட்டைல வேற மாதிரி இருந்துச்சே டீச்சர்" என்றான்.

குறை அவனிடம் இல்லை. என் அட்டையில் இருந்தது. அந்த எழுத்துரு 1978க்கு முந்தைய வடிவங்களில் அமைந்தது. அதில் னை, லை, ணை, ளை ஆகியவற்றுக்கு இணைக்கொம்பு தனியே வராது; எழுத்தோடு ஒட்டி மேலே வளையும். ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து கீழே சுழியும். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. மாறியவை 13 எழுத்துகள். பழைய வடிவத்தைப் பார்த்தே இராத குழந்தையிடம் அதை நீட்டி, வாசிப்புத் திறனை அளந்திருக்கிறேன்.

அலங்கார எழுத்து எதற்காகப் பிறந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைச் சரக்கு, நாடகம், சர்க்கஸ் ஆகியவற்றுக்குச் சுவரொட்டிகள் பெருகின. தெருவில் போகிறவரை நிறுத்த, பெரிய எழுத்து வேண்டியிருந்தது. ஈயத்தில் வார்த்தால் எடையும் செலவும் கூடும். ஆறும்போது மேற்பரப்பும் சீராக அமையாது. 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ், மரத்தை இயந்திரத்தால் குடைந்து எழுத்து செய்யும் முறையைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே மாதிரிப் பட்டியலும் வெளியிட்டார். மரம் மலிவு, எடை குறைவு. தடித்தவை, நிழலிட்டவை, பூவேலை செய்தவை என வடிவங்கள் பெருகின. இன்று 'பழங்கால பாணி' என்று நாம் தேடும் எழுத்துருக்கள் பலவற்றுக்கு அந்தச் சுவரொட்டிகளே முன்மாதிரி. அவை ஓரிரு சொற்களைத் தொலைவிலிருந்து காட்டப் பிறந்தவை; பக்கம் பக்கமாக வாசிக்க அல்ல.

தமிழில் கூடுதல் கவனம்

ஆங்கில அலங்கார எழுத்துரு சில 26 பெரிய எழுத்துகளோடு முடிந்துவிடும். தமிழில் சிறு புள்ளியும் சுழியும் பொருளையே மாற்றும். எனவே அச்சிடும் முன் மூன்றைச் சரிபார்க்கிறேன்.

1. புள்ளி: பூவேலையில் மறைந்தால் 'கல்', 'கல' ஆகிவிடும்.
2. கொம்பு: கொடிச்சுருள் கொம்பின் சுழியோடு கலந்தால் 'தென்', 'தேன்' வேறுபாடு தெரியாது.
3. ரகரமும் துணைக்காலும்: இரண்டும் ஒன்றுபோல் அமைந்தால் 'மரம்' என்பது 'மாம்' எனத் தோன்றும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

இவற்றை 4 முதல் 8ஆம் வகுப்பு வரை நடத்தலாம். தனிச் செலவு இல்லை.

சேகரித்தல்: பழைய நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், தீப்பெட்டி, துணிக்கடைப் பை ஆகியவற்றைக் குழுவாகக் கொண்டுவரச் செய்யுங்கள். எது பார்க்க, எது வாசிக்க என்று மாணவர்களே பிரிக்கட்டும்.

அடி அளத்தல்: ஒரே சொல்லை ஒரே உயரத்தில் அலங்கார எழுத்திலும் பாடநூல் எழுத்திலும் எழுதித் தாழ்வாரச் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை அடி தள்ளி நின்றும் வாசிக்க முடிகிறது என்று ஒவ்வொருவரும் குறிக்கட்டும். மேல் வகுப்பில் இதுவே சராசரி காணும் கணக்காகும்.

பத்தி வாசித்தல்: ஒரே அளவுள்ள எளிய பத்திகள் இரண்டை இரு எழுத்துருக்களில் கொடுங்கள். கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த குழுவுக்கு எழுத்துருக்களை மாற்றிக் கொடுத்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

பழைய வடிவம் தேடல்: தாத்தா பாட்டி வீட்டில் உள்ள 1978க்கு முந்தைய நூல்களில் அந்த 13 எழுத்துகளையும் தேடி, இன்றைய வடிவத்தை அருகில் எழுதட்டும். கல்வெட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் போகும் முன் எழுத்து மாறும் என்பதை உணர்த்த இது நல்ல வாயில்.

இவற்றுக்குப் பிறகு எங்கள் சுவர் இதழுக்கு மாணவர்களே விதி வகுத்தார்கள்: அலங்கார எழுத்து தலைப்புக்கு மட்டும்; அதுவும் நான்கு சொற்களுக்கு மேல் கூடாது. செய்தியும் கதையும் எளிய எழுத்தில். நான் எனக்கென ஒரு விதி சேர்த்துக்கொண்டேன்: மதிப்பீட்டு அட்டை எப்போதும் பாடநூல் எழுத்திலேயே இருக்கும்.

தேடலில் பழைய 'னை'யை முதலில் கண்டுபிடித்தவன் அதே மாணவன்தான். பாட்டி வீட்டுப் பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து, "யானை தும்பிக்கையத் தூக்குற மாதிரி இருக்கு" என்று வகுப்புக்கு விளக்கினான். பதிவேட்டில் என் குறிப்பைத் திருத்தினேன்.

நாளை உங்கள் வகுப்புச் சுவரில் உள்ள அட்டைகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை தடுமாறும் இடத்தில், முதலில் அட்டையைச் சோதிப்போம்.