தன்விவரக் குறிப்பும் செயற்கை நுண்ணறிவும்

வேலை வாய்ப்பு விளம்பரங்களைப் புரட்டினால் ‘திட்ட மேலாளர் தேவை’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். கட்டுமானம், மின்னியல், கணினி, வங்கி, மருத்துவமனை எனப் பல துறைகளிலும் இப்பதவி உண்டு. ஆனால், ‘திட்ட மேலாளர் என்னதான் செய்வார்?’ என்று கேட்டால் உடனே விடை சொல்வது எளிதன்று.

தொடக்கமும் முடிவும் உள்ள பணியையே திட்டம் என்கிறோம். நாள்தோறும் ரயிலை ஓட்டுவது திட்டம் அன்று. அந்த ரயில் ஓடுவதற்குப் புதிய பாதையை அமைப்பது திட்டம். சுங்கை பூலோவையும் காஜாங்கையும் இணைக்க அமைக்கப்பட்ட எம்.ஆர்.டி. பாதையை எண்ணிப் பாருங்கள். முழுவதும் திறக்கப்பட்டபோது அதன் நீளம் 51 கிலோமீட்டர், நிலையங்கள் 31. கட்டுமானம் 2011-இல் தொடங்கியது. பாதையின் முதற்பகுதி 2016 டிசம்பரிலும் எஞ்சிய பகுதி 2017 ஜூலையிலும் திறக்கப்பட்டன. இத்தகைய பணியில் யார், எதை, எப்போது, எவ்வளவு செலவில் முடிக்க வேண்டும் என்று வரையறுத்து, அது நடக்கிறதா என்று விடாமல் கவனிப்பவர்களே திட்ட மேலாளர்கள்.

கொத்தனார் தாம் எழுப்பிய சுவரைச் சுட்டிக்காட்டலாம். தச்சர் தாம் செய்த கதவைத் தட்டிக் காட்டலாம். திட்ட மேலாளர் எதைக் காட்டுவார்? வேலை தடங்கலின்றி நடந்தால் அவருடைய உழைப்பு யாருக்கும் தெரிவதில்லை. தடைபட்டால் மட்டும் எல்லாரும் அவரைத் தேடுவார்கள். ஆகவே, அவர் தம் உழைப்பைச் சொற்களால்தான் காட்ட வேண்டியிருக்கிறது. புதிய வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர் எழுதும் தன்விவரக் குறிப்பின் ஒவ்வொரு வரியும் முக்கியமாவது இதனால்தான்.

இவ்வகைக் கடிதத்திற்குப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. ஓவியர் லியோனார்டோ டாவின்சி ஏறக்குறைய 1482-இல் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். ‘மோனா லிசா’வைத் தீட்டப்போகும் அந்தக் கலைஞர், தாம் ஓவியர் என்பதைக் கடிதத்தின் கடைசியில்தான் சொல்கிறார். எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் முறை, பீரங்கிகள் ஆகியவற்றைப் பற்றியே முதலில் பேசுகிறார். போர் அச்சத்தில் இருந்த ஆட்சியாளருக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு செய்தியும் சுவையானது. இன்று மிலான் நூலகம் ஒன்றில் இருக்கும் அக்கடிதத்தின் வரைவு லியோனார்டோவின் கையெழுத்தில் இல்லை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எழுதியது வேறொருவர் கையாக இருக்கலாம். சொன்ன செய்தியோ அவருடையது.

வேறொருவர் கையால் எழுதும் வசதி இன்று நம் எல்லாருக்கும் கிடைத்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, தன்விவரக் குறிப்பை எழுதித் தரும்படி செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. சில நொடிகளில் பிழையில்லாத, அழகான இரண்டு பக்கங்கள் வந்துவிடுகின்றன. அப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால், அந்தப் பக்கங்களில் இருக்கும் செய்தி யாருடையது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கிளாங்கில் ஒரு பெரிய கிடங்கின் பழைய மின்கம்பிகளை மாற்றும் பணியைக் கவனித்துக்கொண்ட திட்ட மேலாளர் ஒருவர் இருக்கிறார். அவர் கருவியிடம், “கிளாங்கில் கிடங்கு மின்கம்பி மாற்றும் திட்டத்தை மேற்பார்வையிட்டேன். இதைச் சிறப்பாக எழுதித் தா” என்று கட்டளை இடுகிறார். கருவி உடனே இப்படி எழுதித் தருகிறது:

“பல்துறைக் குழுவைத் திறம்பட வழிநடத்தி, செலவை 20 விழுக்காடு குறைத்து, திட்டத்தைக் காலக்கெடுவுக்கு முன்னரே வெற்றிகரமாக நிறைவேற்றினேன்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 20 விழுக்காடு எங்கிருந்து வந்தது? அவர் அப்படி எதுவும் சொல்லவில்லையே! இதைப் புரிந்துகொள்ள, கருவி எப்படி இயங்குகிறது என்று அறிய வேண்டும். இத்தகைய கருவி, எண்ணற்ற பக்கங்களில் உள்ள சொற்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்பதைக் கணித்து, அது வரி வரியாக எழுதிச் செல்கிறது. திட்ட மேலாளர்களின் தன்விவரக் குறிப்புகளில் ‘செலவைக் குறைத்தேன்’ என்ற தொடரை அடுத்து ஒரு விழுக்காடு வருவது வழக்கம். எனவே, அதுவும் ஒரு விழுக்காட்டைப் போட்டுவிட்டது. கிளாங்கில் உண்மையில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது; தெரியாத இடத்தைப் பொருத்தமாகத் தோன்றும் சொல்லால் நிரப்பிவிடுகிறது.

நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர், “20 விழுக்காடு என்றீர்களே, எந்தச் செலவைக் குறைத்தீர்கள்? எப்படி?” என்று கேட்டால் அங்கே கருவி வந்து பதில் சொல்லாது. சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும். திட்ட மேலாண்மையில் பெயர்பெற்ற பி.எம்.பி. சான்றிதழ் ஒருவரிடம் இருப்பதாகக் கருவி தன்போக்கில் எழுதிவிடலாம். அச்சான்றிதழை வழங்கும் அமெரிக்கக் கழகமோ இணையத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பெயரைத் தட்டித் தேடினால் உண்மை தெரிந்துவிடும்.

சரி, கிளாங்கில் என்ன நடந்தது? திட்டம் காலக்கெடுவுக்கு முன்பு முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மின்கம்பிகள் தாமதமாக வந்தன. அதனால் வேலை ஆறு வாரம் பின்தங்க இருந்தது. மேலாளர், கம்பி தேவைப்படாத வேலைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். கம்பிகள் வந்ததும் இரவு நேரப் பணிக்குழு ஒன்றை அமைத்தார். முடிவில் இரண்டு வாரத் தாமதத்தோடு வேலை நிறைவுற்றது. அதற்கிடையில் கிடங்கு ஒரு நாள்கூட மூடப்படவில்லை.

இப்போது அந்த வரியை இப்படி எழுதிப் பார்ப்போம்:

“இயங்கிக்கொண்டிருந்த கிடங்கை ஒரு நாளும் மூடாமல் மின்கம்பிகளை மாற்றினேன். மின்கம்பிகள் வருவதில் ஏற்பட்ட சிக்கலால் நேரவிருந்த ஆறு வாரத் தாமதத்தைப் பணி வரிசையை மாற்றியும் இரவுக் குழுவை அமைத்தும் இரண்டு வாரமாகக் குறைத்தேன்.”

முதல் வரியில் வெற்றி மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் சிக்கலும் இருக்கிறது, அதை ஒருவர் சமாளித்த விதமும் இருக்கிறது. ஆள் எடுப்பவர் நூறு குறிப்புகளைப் படித்துக் களைத்த நிலையில் இருப்பார். ‘திறம்பட’, ‘வெற்றிகரமாக’ போன்ற சொற்களை அவர் அன்றைக்கே எத்தனையோ முறை பார்த்திருப்பார். ஒரு நாளும் மூடாத கிடங்கு அவர் நினைவில் நிற்கும். உண்மையில் நடந்தது, பெருமைக்காகக் கூட்டிச் சொன்னதைவிடப் பல நேரங்களில் வலுவானதாகவே இருக்கிறது.

அப்படியானால் கருவியை எப்படிப் பயன்படுத்தலாம்? எழுதச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்கச் சொல்லலாம். “நான் செய்த வேலையை ஐந்து வரிகளில் தருகிறேன். நீ எதையும் எழுத வேண்டாம். ஆள் எடுக்கும் அதிகாரி ஒருவர் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளை என்னிடம் கேள்” என்று கட்டளையிட்டுப் பாருங்கள். குழுவில் எத்தனை பேர்? ஒதுக்கீடு எத்தனை ரிங்கிட்? யாருக்குக் கீழே பணியாற்றினீர்கள்? எது தவறிப்போனது? இவற்றுக்குரிய விடைகள் மேலாளரின் நாட்குறிப்பிலும் பழைய மின்னஞ்சல்களிலும் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகு, “நான் தந்த விவரங்களை மட்டும் பயன்படுத்து, புதிய எண் எதையும் சேர்க்காதே, விவரம் போதாத இடத்தில் ‘விவரம் தேவை’ என்று குறிப்பிடு” எனச் சொல்லி எழுதச் செய்யலாம். அப்போதும் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டியவர் மேலாளரே.

நம் நாட்டில் தன்விவரக் குறிப்பு பெரும்பாலும் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகிறது. தமிழில் சிந்தித்துச் சொல்லி, கருவியைக் கொண்டு மொழிபெயர்ப்பது பலருக்குக் கைகொடுக்கும். இங்கும் ஒரு வழுக்குப் பாதை உண்டு. ‘உதவினேன்’ என்பதற்கு மலாயில் ‘மெம்பந்து’ என்று வர வேண்டும். கருவியோ சொல்லை மெருகேற்றுவதாக எண்ணி, ‘மெங்ஙெத்துவாய்’ என்று, அதாவது ‘தலைமையேற்றேன்’ என்று மாற்றிவிடக்கூடும். ஒரே ஒரு வினைச்சொல்தான். ஆனால், உதவியாளர் தலைவராகிவிட்டார்! இரண்டு மொழி அறிந்த நாம் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கருவியிடம் எதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு நம் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிப்பவை. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். இரட்டைப்படை என்றால் பெண். ஓர் எண்ணை மட்டும் கொடுத்தாலே இத்தனையும் வெளிப்பட்டுவிடும். குறிப்பை எழுத இவற்றில் ஒன்றும் தேவையில்லை. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர்களும் ஒப்பந்தத் தொகைகளும் அப்படித்தான். அவை மேலாளருக்குச் சொந்தமானவை அல்ல.

மறுபக்கத்திலும் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. பல பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். சில மென்பொருள்களுக்கு அட்டவணைகளும் அலங்காரக் கட்டங்களும் சரியாகப் புரிவதில்லை. ஆகவே, எளிய தலைப்புகளோடு மேலிருந்து கீழாக எழுதுவதே பாதுகாப்பானது. விளம்பரத்தில் ‘இடர் மேலாண்மை’ என்று கேட்டிருந்தால், அந்த அனுபவம் இருப்பவர் அதே சொல்லைப் பயன்படுத்தலாம். இல்லாதவர் பயன்படுத்தக் கூடாது. இத்தகைய மென்பொருள் எப்போதும் நடுநிலையோடு நடக்கும் என்றும் சொல்ல முடியாது. அமேசான் நிறுவனம் உருவாக்கிப் பார்த்த ஆள்தேர்வுக் கருவி, பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்வாக மதிப்பிட்டதால் கைவிடப்பட்டது என்று 2018-இல் செய்தி வெளியானது. அதற்குக் கற்பிக்கப் பயன்பட்ட பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை.

நீங்கள் இன்னும் திட்ட மேலாளர் ஆகவில்லை. ஆயினும், பள்ளியில் பொங்கல் விழா நடத்தியிருப்பீர்கள். தமிழ்மொழிக் கழகத்தின் இதழை வெளியிட்டிருப்பீர்கள். அவற்றுக்கும் தொடக்கமும் முடிவும் இருந்தன. பணமும் ஆட்களும் தேவைப்பட்டன. ஏதோ ஒன்று கடைசி நேரத்தில் தவறியிருக்கும். எத்தனை பேர் வேலை செய்தீர்கள், எவ்வளவு பணம் திரட்டினீர்கள், எத்தனை நாளில் முடித்தீர்கள், பானை போதாதபோது என்ன செய்தீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். பிறகு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘சிறப்பாக’, ‘வெற்றிகரமாக’ ஆகிய சொற்கள் இல்லாமல் ஐந்து வரி எழுதுங்கள். அருகில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து, அவரை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்.